இருமச் சொன்ன டாக்டர்

ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு அவசரமாகக் கையெழுத்துப் போட்ட அனுபவம் உங்களுக்கு உண்டா? இல்லையென்றால் சந்தோஷம். இருக்கிறவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று உடனே புரிந்துவிடும்.

உள்ளே சித்தப்பா. வெளியே நான். ராத்திரி பதினோரு மணி. வெள்ளைக்கோட்டுப் பையன் ஒருவன் ஒரு பேப்பரை நீட்டி, ‘ஆஞ்சியோ பண்ணணும் சார். அடைப்பு இருந்தா அப்படியே பலூன் பண்ணி ஸ்டென்ட் வெச்சிடுவாங்க. இங்க ஒரு கையெழுத்து, இங்க ஒண்ணு’ என்றான். படித்துப் பார்த்தேன். ரத்தக்கசிவு ஏற்படலாம். குழாய் கிழியலாம். சிறுநீரகம் பாதிக்கப்படலாம். அவசரமாக பைபாஸ் செய்ய நேரலாம். உயிருக்கே ஆபத்து வரலாம்.

‘என்னப்பா இது, எல்லாமே வரலாம்னு போட்டிருக்கு?’

‘எல்லாருக்கும் அதே ஃபார்ம்தான் சார். பயப்படாதீங்க.’

எப்படிப் பயப்படாமல் இருப்பது? சித்தியின் முகத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். ஆனால் அந்தப் பேப்பர் மனசைவிட்டுப் போகவில்லை. பிறகு உட்கார்ந்து தேடித் தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது. அதில் இருக்கிற ஒவ்வொரு வரியும் யாரோ ஒரு டாக்டர் வியர்த்து விறுவிறுத்து நின்ற ஒரு நிமிஷத்தின் மிச்சம். அந்த நிமிஷங்களில் சிலவற்றைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

முதல் ஆள், வெர்னர் ஃபோர்ஸ்மான். ஜெர்மனியில், பெர்லினுக்குப் பக்கத்தில் எபர்ஸ்வால்டே என்று ஓர் ஊர். அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் பயிற்சி டாக்டர். 1929ல் அவருக்கு வயது 25. குதிரையின் கழுத்து ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குள் ஒரு குழாயைச் செலுத்தியிருக்கிற பழைய படம் ஒன்றை அவர் பார்த்திருந்தார். பிரான்ஸில் ஷோவோ, மாரே என்று இருவர் 1861ல் செய்த சோதனை. குதிரைக்குச் செய்யலாம் என்றால் மனுஷனுக்கு ஏன் கூடாது?

பெரிய டாக்டரிடம் போய்க் கேட்டார். கூடவே கூடாது என்றார் அவர். ‘நோயாளிக்கு வேண்டாம். எனக்கே செய்துகொள்கிறேன்’ என்று இறங்கி வந்து பார்த்தார். அதுவும் கூடாது.

அந்தக் காலத்தில் உயிரோடு இருக்கிற ஒருவரின் இதயத்தைத் தொடுவது என்பது கிட்டத்தட்டக் கொலை மாதிரி. தொட்டால் நின்றுவிடும் என்பதுதான் பொதுவான நம்பிக்கை. ஆகவே பெரியவர் சொன்னதில் தப்பில்லை.

ஆனால் ஃபோர்ஸ்மானுக்கு அரிப்பு அடங்கவில்லை. குழாய், கத்தி, மருந்தெல்லாம் வைத்திருக்கும் அலமாரியின் சாவி கெர்டா டிட்சன் என்கிற நர்ஸிடம் இருந்தது. அவரோடு பேசிப் பேசி சம்மதிக்க வைத்தார். எந்த அளவுக்கு என்றால், ‘உங்களுக்கு வேண்டாம், எனக்கே செய்யுங்கள்’ என்று அந்த அம்மாள் முன்வருகிற அளவுக்கு. சரி, படுங்கள் என்றார். கையையும் காலையும் மேஜையோடு சேர்த்துக் கட்டினார். கையில் அயோடின் தடவினார். தடவிவிட்டு அந்தப் பக்கம் நகர்ந்து, தன் இடது முழங்கையில் மரத்துப்போகும் ஊசியைப் போட்டுக்கொண்டு, தோலைக் கீறி, சிறுநீர்ப் பாதைக்கென்று செய்யப்பட்ட ஒரு மெல்லிய ரப்பர் குழாயைத் தன் ரத்தக்குழாய்க்குள் தள்ள ஆரம்பித்துவிட்டார்!

கட்டிப்போட்டது நர்ஸ் தடுக்கக்கூடாது என்பதற்காக. விஷயம் புரிந்ததும் அவர் கத்தினார். என்ன கத்தி என்ன? குழாய் உள்ளே போய்விட்டது. பிறகு கட்டை அவிழ்த்துவிட்டு, தொங்கும் குழாயோடு, இருவரும் படியிறங்கி கீழே எக்ஸ்ரே அறைக்குப் போனார்கள். நடந்துதான். அங்கே ஒரு கண்ணாடியைப் பிடிக்கச் சொல்லி, திரையில் தன் நெஞ்சைத் தானே பார்த்தபடி இன்னும் கொஞ்சம் தள்ளினார். இடையில் ஓடிவந்த நண்பர் ஒருவர் குழாயைப் பிடுங்கப் பார்க்க, அவர் காலில் ஒரு உதை. மொத்தம் 65 சென்டிமீட்டர். குழாயின் முனை இதயத்தின் வலது மேலறையில் இருந்தது. படம் எடுக்கப்பட்டது.

இதெல்லாம் பின்னாளில் ஃபோர்ஸ்மானே சொன்னது. கொஞ்சம் உப்புக் காரம் சேர்த்திருக்கலாம். ஆனால் எக்ஸ்ரே படம் பொய் சொல்லாது. அது அந்த வருஷமே மருத்துவப் பத்திரிகையில் வந்துவிட்டது.

பாராட்டு மழை பொழிந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள், இல்லையா? ம்ஹூம். பெர்லினில் சவர்புரூக் என்கிற அறுவை சிகிச்சை மன்னர், இதெல்லாம் சர்க்கஸுக்குத்தான் லாயக்கு என்கிற மாதிரி பேசி விரட்டிவிட்டதாகச் சொல்வார்கள். மனிதர் வெறுத்துப்போய் இதயத்தை விட்டுவிட்டு சிறுநீரகப் பக்கம் ஒதுங்கினார். நாஜிக் கட்சியில் சேர்ந்தார், ராணுவ டாக்டராகப் போனார், போர்க் கைதியானார். அந்தப் பக்கங்களைப் படிக்க நன்றாக இருக்காது. இதற்கிடையில் நியூயார்க்கில் கூர்னான், ரிச்சர்ட்ஸ் என்ற இருவர் அவருடைய பழைய கட்டுரையைத் தூசி தட்டி எடுத்து, இதயத்துக்குள் குழாய் விடுவதை ஒரு முறையான பரிசோதனையாகவே வளர்த்துவிட்டார்கள். 1956ல் மூன்று பேருக்கும் சேர்த்து நோபல் பரிசு. ஜெர்மனியின் ஒரு சின்ன ஊரில் சிறுநீரக டாக்டராக இருந்தவருக்கு இதயத்துக்காக நோபல்!

ஒன்று கவனியுங்கள். ஃபோர்ஸ்மான் போனது இதயத்தின் அறைக்குள். அதுவும் சிரை வழியாக. இதயத்துக்கே ரத்தம் கொடுக்கிற கரோனரி தமனிகள் வேறு. மாரடைப்பு வருவது அவற்றில்தான். மூன்று, நான்கு மில்லிமீட்டர் அகலமே உள்ள குழாய்கள். அங்கே நேராக மருந்தைச் செலுத்தினால் இதயம் தாறுமாறாகத் துடித்து ஆள் செத்துவிடுவான் என்று அத்தனை டாக்டர்களும் நம்பினார்கள். யாரும் முயற்சி செய்யவில்லை.

முயற்சி செய்யாமலேயே அது நடந்தது.

1958 அக்டோபர் 30. அமெரிக்காவின் கிளீவ்லண்ட் கிளினிக். டாக்டர் மேசன் சோன்ஸ், 26 வயது இளைஞர் ஒருவரின் இதய வால்வைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். எக்ஸ்ரேயில் தெரிகிற மருந்தை மகாதமனியில் பீய்ச்ச வேண்டும். அவ்வளவுதான் வேலை. சோன்ஸ் மேஜைக்குக் கீழே ஒரு குழியில் இருந்து படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைய கருவி அப்படி. மேலே உதவியாளர் மருந்தை அழுத்தினார். அந்தக் கணத்தில் குழாயின் முனை நழுவி, வலது கரோனரி தமனியின் வாய்க்குள் போய் உட்கார்ந்துவிட்டது. ஏறக்குறைய 30 மில்லி மருந்து, மொத்தமும் அதற்குள்.

‘வெளியே இழு!’ என்று கத்திக்கொண்டே சோன்ஸ் குழியிலிருந்து ஏறி வந்தார். கத்தியைத் தேடினார். எதற்கு? நெஞ்சைப் பிளந்து இதயத்தைக் கையால் பிசைய. நெஞ்சுக்கு மேலே அழுத்தி உயிரை மீட்கும் முறை மருத்துவப் பத்திரிகையில் வந்ததே 1960ல்தான். திரையைப் பார்த்தார். இதயம் தாறுமாறாகத் துடிக்கவில்லை. துடிக்கவே இல்லை! வெறும் நேர்க்கோடு.

அப்போது அவருக்குத் தோன்றியது ஒரே விஷயம். ஆள் இன்னும் நினைவோடு இருக்கிறான். இருமினால் நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறும், தேங்கிய மருந்து வெளியே தள்ளப்படலாம்.

‘இருமு! இருமு!’

இளைஞர் இருமினார். மறுபடி இருமினார். கோடு அசைந்தது. மெல்ல, பிறகு வேகமாக, பிறகு ஒழுங்காக. இதயம் மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டது.

நீங்களும் நானுமாக இருந்தால் வீட்டுக்குப் போய் சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருப்போம். சோன்ஸ் யோசித்தார். 30 மில்லி போயும் பிழைத்தான் என்றால், நாலைந்து மில்லி கொடுத்தால் ஒன்றும் ஆகாதே? கரோனரி தமனியைத் தெளிவாகப் படம் பிடிக்கலாமே? இன்று நம் ஊரில் காய்கறிக் கடைக்காரர்வரை சாதாரணமாகச் சொல்கிற ‘ஆஞ்சியோ’ பிறந்தது இப்படித்தான். ஒரு விபத்தின் வயிற்றில்.

இங்கே ஒரு சின்ன இடைவெட்டு. ‘தனியாக இருக்கும்போது மாரடைப்பு வந்தால் தொடர்ந்து இருமுங்கள், பிழைத்துவிடலாம்’ என்று ஒரு செய்தி பல வருஷமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. உங்கள் செல்போனுக்கும் வந்திருக்கும். தயவுசெய்து நம்பாதீர்கள். சோன்ஸ் செய்தது மேஜைமேல், திரையைப் பார்த்துக்கொண்டே, சில விநாடிகளுக்கு. வீட்டில் நெஞ்சு வலித்தால் இருமிக்கொண்டு உட்காராமல் 108ஐ அழைப்பதுதான் வழி.

சரி, அடைப்பைப் படம் எடுத்தாகிவிட்டது. எடுப்பது எப்படி? 1964 ஜனவரியில் போர்ட்லண்டில் சார்லஸ் டாட்டர் என்கிற எக்ஸ்ரே டாக்டர், கால் அழுகிய 82 வயதுப் பாட்டி ஒருவரின் தொடைத் தமனி அடைப்பை, ஒன்றைவிட ஒன்று பருமனான குழாய்களை அடுத்தடுத்து நுழைத்து அகலப்படுத்தினார். காலை வெட்ட வேண்டும் என்றார்கள் மற்றவர்கள். பாட்டி முடியாது என்று சொல்லிவிட்டார். கால் பிழைத்தது. அறுவை சிகிச்சைக்காரர்களுக்கு டாட்டரைக் கண்டாலே ஆகாது. படம் எடுக்கச் சொல்லி அனுப்பும் சீட்டில், ‘பார், ஆனால் சரிசெய்ய முயலாதே’ என்று எழுதியே அனுப்பியிருக்கிறார்கள்!

டாட்டரின் வழியைக் கற்றுக்கொண்டு சூரிச்சுக்குப் போனவர்தான் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக். 1939ல் ட்ரெஸ்டனில் பிறந்தவர். பெரிய மீசை, கவர்ச்சியான ஆள். அவர் யோசனை எளிமையானது. குழாய்மேல் குழாய் எதற்கு? முனையில் ஒரு சின்ன பலூன் இருந்தால் போதுமே. சுருக்கி உள்ளே கொண்டுபோய், அடைப்பு இருக்கும் இடத்தில் ஊத வேண்டியது. சொல்லும்போது சுலபம். சாதாரண ரப்பர் பலூன் அடைப்புக் கெட்டியாக இருக்கிற இடத்தில் அமுங்கி, இரண்டு பக்கமும் பிதுங்கும். எவ்வளவு ஊதினாலும் குறிப்பிட்ட அளவுக்குமேல் விரியாத பலூன் வேண்டும்.

அதற்கு ஆராய்ச்சிக்கூடம் எது தெரியுமா? அவர் வீட்டுச் சமையலறை. ஆஸ்பத்திரி வேலை முடிந்து ராத்திரியில், மனைவி, உதவியாளர் மரியா ஷ்லும்ப், அவர் கணவர் என்று ஒரு சிறு கூட்டம் மேஜையைச் சுற்றி உட்காரும். பி.வி.சி. குழாய், நூல், கத்தி, பசை. சூடுபண்ணி ஊதுவார்கள். வெடிக்கும். மறுபடி ஊதுவார்கள். 1974ல் காலுக்கான பலூன் தயார். பிறகு அதையே சிறிதாக்கி, நாய்களின் இதயத்தில் சோதித்தார்.

1977 செப்டம்பர் 16. சூரிச் பல்கலைக்கழக ஆஸ்பத்திரி. 38 வயது இன்ஷூரன்ஸ் விற்பனையாளர் ஒருவர். இதயத்தின் முன்பக்கத் தமனியில், ஆரம்ப இடத்திலேயே ஒரு குட்டி அடைப்பு. பைபாஸ்தான் செய்ய வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். நெஞ்சைத் திறப்பார்களே என்று அவருக்குப் பயம். பலூனுக்குச் சம்மதித்தார். அறுவை சிகிச்சைத் தலைவர் செனிங் பெருந்தன்மையான மனிதர். தன் கத்திக்குப் போட்டியாக வருகிற வித்தை என்று தெரிந்தும், ஏதாவது ஆனால் நெஞ்சைத் திறக்கத் தயாராக ஆட்களை நிறுத்திவைத்தார். பலூன் போனது. ஊதினார்கள். தமனி முழுதாக அடைபட்ட அந்தச் சில விநாடிகளில் அறையில் ஒருவரும் மூச்சு விட்டிருக்க மாட்டார்கள். நெஞ்சுவலி இல்லை. துடிப்பு மாறவில்லை. இன்னொரு முறை ஊதினார்கள். இறக்கினார்கள். அடைப்பு விலகியிருந்தது.

ஆனால் எல்லாருக்கும் இப்படி நடக்கவில்லை. குருன்ட்சிக்கிடம் எனக்குப் பிடித்த குணம், அதை மறைக்காததுதான். 1979ல் தன் முதல் 50 நோயாளிகளைப் பற்றி எழுதினார். வெற்றி 32 பேருக்கு. அவசர பைபாஸுக்கு ஓட வேண்டியிருந்தது 5 பேருக்கு. அவர்களில் மூவருக்கு மாரடைப்பின் அடையாளம். அத்தனையும் அச்சில். அதற்கு முந்தைய வருஷத்திலிருந்தே உலகெங்கும் இருந்து டாக்டர்களை வரவழைத்து, நேரடியாகத் திரையில் காட்டிச் செய்தார். தப்பானால் எல்லார் கண் முன்னாலும் தப்பாகும்!

ஏன் தப்பானது? பலூன் அடைப்பை மாயமாக்குவதில்லை. நசுக்கி, விரிசல் விடச் செய்துதான் வழி உண்டாக்குகிறது. ஈரம் ஏறிய சுவரில் காரை பெயர்ந்து தொங்கும் இல்லையா, அதுபோலத் தமனியின் உள் தோல் கிழிந்து தொங்கினால் போச்சு. ரத்தம் அதில் மோதி உறையும். சற்றுமுன் திறந்த வழி முழுதாக மூடிக்கொள்ளும். வந்தபோது இல்லாத மாரடைப்பை நாமே வரவழைத்த மாதிரி. எண்பதுகளில் பலூன் செய்துகொண்ட நூறு பேரில் நாலைந்து பேருக்கு இது நடந்தது. அதனால்தான் ஒவ்வொரு பலூன் சிகிச்சைக்கும் பக்கத்து ஆபரேஷன் தியேட்டரைக் காலியாக வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு ஓடும் நேரத்தில் இதயத்துக்குக் கொஞ்சமாவது ரத்தம் போகட்டும் என்று, பக்கவாட்டில் ஓட்டைகள் போட்ட ஒரு குழாயைக் கிழிசலுக்குக் குறுக்கே செருகிவிடுவார்கள். என் கையில் இருந்த பேப்பரின் ‘அவசர பைபாஸ்’ வரி இங்கிருந்து வந்தது.

1985 இந்தத் துறைக்கு ஒரு கெட்ட வருஷம். டாட்டர், சோன்ஸ், ஆஞ்சியோ குழாய்களுக்கு வடிவம் கொடுத்த ஜட்கின்ஸ் என்று அடுத்தடுத்துப் போனார்கள். அக்டோபரில் குருன்ட்சிக். அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்திருந்த அவர், மோசமான வானிலையில் தன் சொந்த விமானத்தைத் தானே ஓட்டிப் போய் விழுந்தார். கூடவே மனைவியும். அவருக்கு வயது 46. அவரிடம் பயிற்சி பெற்ற மேத்யூ சாமுவேல் களரிக்கல், அடுத்த வருஷம் சென்னையில் இந்தியாவின் முதல் ஆஞ்சியோபிளாஸ்டியைச் செய்தார். 2025 ஏப்ரலில் காலமாகும்வரை நம்ம ஊர் டாக்டராகவே இருந்தார்.

அதே 1986ல் ஸ்டென்ட்டும் வந்துவிட்டது. பிரான்ஸில் ஜாக் புயெல், ஸ்விட்சர்லாந்தில் உல்ரிச் சிக்வார்ட். பெயரப் பார்க்கும் காரைக்கு உள்ளிருந்து முட்டுக் கொடுக்கிற கம்பி வலை. இனி கிழிந்தால் தியேட்டருக்கு ஓட வேண்டாம், வலையை விரித்துத் தோலைச் சுவரோடு ஒட்ட வைத்துவிடலாம். அவசர பைபாஸ் நூற்றில் ஒன்றுக்கும் கீழே இறங்கியது இதனால்தான்.

அப்பாடா என்று உட்கார முடிந்ததா? அதுதான் இல்லை. உடம்புக்கு அந்நியமான இரும்பைக் கண்டதும் ரத்தம் உறைந்தது. 1991ல் வெளியான ஒரு கணக்கில், ஸ்டென்ட் வைத்த 105 பேரில் 25 பேருக்கு அது முழுசாக அடைத்துக்கொண்டிருந்தது. கால்வாசி! உறையக்கூடாது என்று மருந்துக்குமேல் மருந்து கொடுத்தார்கள். தொடையில் குத்திய இடத்தில் ரத்தம் நிற்காமல் போனது. மிலான் நகரத்து அந்தோனியோ கொலம்போ, தமனிக்குள்ளேயே அல்ட்ராசவுண்ட் விட்டுப் பார்த்து 1995ல் சொன்னார். தப்பு ரத்தத்தின்மேல் மட்டும் இல்லை, நாம் வலையைச் சரியாக விரிப்பதே இல்லை. நன்றாக அழுத்தி விரித்துவிட்டு, ஆஸ்பிரினோடு இன்னொரு தட்டணு மாத்திரை கொடுத்தால் போதும். போதுமாகத்தான் இருந்தது.

அடுத்த தலைவலி, ஆறு மாசத்தில் வலைக்குள் சதை வளர்ந்து மறுபடி அடைப்பது. அதற்கு மருந்து கிடைத்தது எங்கே? பசிபிக் கடலின் நடுவே, பெரிய கல் சிலைகளுக்குப் பெயர்போன ஈஸ்டர் தீவின் மண்ணில். அங்கே வாழ்ந்த ஒரு நுண்ணுயிரி சுரக்கிற ராபமைசின், செல்கள் பெருகுவதை அடக்கும். அதைப் பூசிய ஸ்டென்ட்டை 1999ல் பிரேசிலில் முதலில் வைத்தார்கள். 2002, 2003ல் சந்தைக்கு வந்தது. சதை வளரவில்லை. சரி. ஆனால் தமனியின் மெல்லிய உள் தோலும் சீக்கிரம் வளர்ந்து கம்பியை மூடவில்லை. வருஷம் கழித்துகூட ரத்தம் உறைகிறது என்று 2006ல் பார்சிலோனா மாநாட்டில் வெடித்தது சண்டை. அதற்குப் பிறகுதான் ‘ரெண்டு மாத்திரையையும் நானாகச் சொல்லும்வரை நிறுத்தாதீங்க’ என்று டாக்டர்கள் தலைதலையாய் அடித்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். பூச்சும் கம்பியும் பிறகு எவ்வளவோ மெலிந்து நல்லதாகிவிட்டன. மாத்திரை மட்டும் போகவில்லை.

விலையையும் சொல்ல வேண்டும். லட்ச ரூபாய்க்குமேல் விற்றுக்கொண்டிருந்த மருந்து ஸ்டென்ட்டுக்கு 2017 பிப்ரவரியில் மத்திய அரசு 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு போட்டது. அதற்கு வெகுமுன்பே, தொண்ணூறுகளில், ஏவுகணை வேலைக்கு நடுவே நம் அப்துல் கலாம், ஹைதராபாத் இதய டாக்டர் சோம ராஜுவோடு சேர்ந்து குறைந்த விலை ஸ்டென்ட் ஒன்றை உருவாக்கியதும் உங்களுக்கு நினைவிருக்கலாம்.

எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். நள்ளிரவு தாண்டிக் கதவு திறந்தது. முன்பெல்லாம் தொடையில் குத்துவார்கள். மணல் மூட்டையைத் தூக்கி வைத்து, காலை அசைக்காமல் படுக்கச் சொல்வார்கள். ரத்தம் வயிற்றுக்குப் பின்னால் கசிந்தால் வெளியே தெரியவே தெரியாது. மான்ட்ரியாலில் காம்போ என்கிற டாக்டர் 1989ல் மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோ செய்து காட்டினார். ஆம்ஸ்டர்டாமில் கீமனெய் 1992ல் அதே வழியில் பலூனையும் கொண்டுபோனார். மணிக்கட்டில் தமனி எலும்பின்மேல் படுத்திருக்கிறது. ஒரு பட்டையைக் கட்டி அழுத்தினால் ரத்தம் நிற்கும். உள்ளங்கைக்கு இன்னொரு தமனியும் உண்டு, ஒன்று போனாலும் இன்னொன்று பார்த்துக்கொள்ளும்.

சித்தப்பாவின் கையில் அந்தப் பட்டைதான் இருந்தது. ஒரு ஸ்டென்ட். படுக்கையிலேயே எழுந்து உட்கார்ந்து, ‘காபி கிடைக்குமாடா?’ என்றார்.

எட்டு மாசம் கழித்து அவருக்குக் கடைவாய்ப் பல் வலி. பிடுங்க வேண்டும், ஒரு வாரம் ரத்தம் உறையாத மாத்திரையை நிறுத்திவிட்டு வாருங்கள் என்றார் தெரு முனை பல் டாக்டர். சித்தப்பா அப்படியே செய்திருப்பார். சித்தி விடவில்லை. இதய டாக்டருக்குப் போன் போடச் சொன்னார். போட்டேன். ‘ஒரு மாத்திரைகூட நிறுத்தக்கூடாது. பஞ்சை வெச்சுக் கடிச்சுக்கிட்டு அரை மணி சேர்த்து உக்காரச் சொல்லுங்க, அது போதும்’ என்றார் அவர்.

பல்லைப் பிடுங்கிய அன்றைக்கு முக்கால் மணி நேரம் ரத்தம் கசிந்தது. சித்தப்பா பஞ்சைக் கடித்தபடி, பேச முடியாமல், சித்தியை முறைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.